டெங்குக் காலத்தில் கைவைத்தியம்: எதுவரை வீடு, எப்போது வைத்தியசாலை?

கொழும்பில் இருப்பவர்களிடம் ஆண்டுக்கு இரண்டு தடவை ஒரே கேள்வி வரும். தென்மேல் பருவமழை பிடித்து ஜூன், ஜூலை ஆகும்போது ஒரு தடவை, ஆண்டு முடிவின் மழையோடு இன்னொரு தடவை. "பிள்ளைக்குக் காய்ச்சல், பப்பாசி இலைச் சாறு குடுக்கலாமோ?" என்று வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நத்தார், பொங்கல் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் ஊருக்குப் போவார்கள். அங்கே வடகீழ் மழை பெய்து முடிந்த நேரம். சில நாட்களில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருந்து அம்மாமார் அதே கேள்வியைத் தொலைபேசியில் கேட்கத் தொடங்குவார்கள்.

நான் வைத்தியர் அல்ல. நுகேகொடையில் இருந்துகொண்டு சுகாதாரச் செய்திகளும் எழுதும் பத்திரிகையாளர். இந்தக் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சுகாதார அமைச்சின் டெங்குச் சிகிச்சை வழிகாட்டியைப் பல தடவை வாசித்திருக்கிறேன். அதில் என் கவனத்தை ஈர்த்த விடயம் ஒன்று உண்டு. நோயாளி வீட்டில் குடிக்க வேண்டியவை என்று அந்த வழிகாட்டி சொல்வது கஞ்சி, செவ்விளநீர், பழச்சாறு, சூப், ஜீவனி ஆகியவற்றை. அதாவது எங்கள் அம்மம்மாவின் குசினியில் இருந்தவை அங்கே இருக்கின்றன. ஆனால் பப்பாசி இலைச் சாறு சிகிச்சையாகச் சொல்லப்படவில்லை. ஏன் ஒன்று இருக்கிறது, மற்றது இல்லை என்பதை விளங்கிக்கொண்டால், கைவைத்தியத்தை எங்கே நம்பலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

கைவைத்தியத்தில் எங்களுக்கு உள்ள நம்பிக்கை

எங்கள் ஆட்கள் வைத்தியசாலைக்குப் போகப் பிந்துவதை அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். அது நியாயமில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்குக்கு மருந்துப் பொருட்கள் கட்டுப்பாட்டோடுதான் வந்தன. பனடோல் குளிசையையே எண்ணிக் கொடுத்த வீடுகள் இருந்தன. அந்தக் காலத்தில் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் வேப்பிலையும் மஞ்சளும்தான் பலருக்குக் கைக்கு எட்டிய மருந்தகம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன ஆண்டுகளிலும், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த மாதங்களிலும் அந்த அறிவு பலரைத் தாங்கியது. 2022 பொருளாதார நெருக்கடியில் பாமசிகளில் மருந்துகள் இல்லாமல் போனபோது தெற்கில் உள்ளவர்களும் அதே வழிக்குத் திரும்பினார்கள்.

சிங்கள மக்களிடமும் இதே நம்பிக்கை உண்டு. நுகேகொடையில் என் அயல்வீட்டு ஆன்ரி, யாராவது தும்மினாலே "பஸ்பங்குவ" பொதி ஒன்றோடு வந்துவிடுவார். ஐந்து மூலிகைச் சரக்குகள் சேர்ந்த அந்தக் குடிநீர்ப் பொதியில் கொத்தமல்லியும் இஞ்சியும் மரமஞ்சளும் இருக்கும். கொத்தமல்லிக்கு அவரும் "கொத்தமல்லி" என்றுதான் சொல்வார். நுகேகொடையிலிருந்து ஹைலெவல் வீதியில் சிறிது தூரம் போனால் நாவின்னையில் 1962இல் தொடங்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் பிரிவு 1984 முதல் இயங்குகிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத, சித்த, யூனானி வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். எனவே சுதேச மருத்துவம் இந்த நாட்டில் படித்துப் பட்டம் பெறும் துறை. நான் இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. வாட்ஸ்அப்பில் வந்ததை வாசித்துவிட்டு, காய்ச்சல்காரருக்கு வீட்டில் நாங்களே கொடுப்பதைப் பற்றி.

மருந்தில்லாத நோய் ஒன்றில் உயிர்களைக் காத்தது எது?

டெங்கு வைரசைக் கொல்லும் மருந்து ஆங்கில வைத்தியத்திலும் இல்லை. வைத்தியசாலையில் தருவது காய்ச்சலுக்குப் பனடோலும், அளந்து ஏற்றும் திரவமும், இடைவிடாத கண்காணிப்பும்தான். "அங்கே போனாலும் சேலைன்தானே ஏத்துவினம்" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இது. ஆனால் இலங்கையின் கணக்கைப் பாருங்கள்.

2009இல் 35,008 பேருக்கு டெங்கு என்று அறிவிக்கப்பட்டது. 346 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 100 பேரில் ஒருவர். 2017இல் நாடு கண்ட மிகப் பெரிய டெங்குப் பரவல் வந்தது. அந்த ஏப்ரலில்தான் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து, அதன் பிறகு கொழும்பின் குப்பைகள் அள்ளப்படாமல் தெருக்களில் கிடந்தன. அந்த ஆண்டு 186,101 பேர் பாதிக்கப்பட்டார்கள், 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோயாளர் தொகை ஐந்து மடங்குக்கு மேல் கூடியது. ஆனால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று பேர் என்ற அளவுக்குக் குறைந்தார்கள்.

இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் புதிய மருந்து எதுவும் வரவில்லை. மாறியது கவனிப்பு முறை. தாய்லாந்து வைத்தியர்களின் அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு 2010இல் தேசிய வழிகாட்டி வந்தது. 2012இல் அது திருத்தப்பட்டது. வைத்தியசாலைகளில் டெங்குக்கென்று தனிக் கண்காணிப்புப் பிரிவுகள் அமைந்தன. நீர்கொழும்பு வைத்தியசாலை வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் பயிற்சி கொடுக்கும் இடமானது. நோயாளி எத்தனை மில்லிலீற்றர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது, இது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதை மணிக்கணக்கில் எழுதினார்கள். அந்தக் கணக்குத்தான் உயிர்களைக் காத்தது. அந்தக் கணக்கின் முதல் மூன்று நாட்கள் பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் நடக்கின்றன.

காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஆபத்து

டெங்குவில் ஆளைக் கொல்வது காய்ச்சல் அல்ல. பலர் நினைப்பதுபோல இரத்தச் சிறுதட்டுகள் குறைவது மட்டும் அல்ல. கடுமையான டெங்குவில், இரத்தக் குழாய்களின் சுவர்கள் கசியத் தொடங்கி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே ஒழுகி நெஞ்சறையிலும் வயிற்றிலும் சேர்கிறது. குழாய்களுக்குள்ளே இரத்தம் தடித்துப்போகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது. சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் இரத்தம் போதாமல் போகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும்.

இது தொடங்கும் நேரம்தான் எங்களை ஏமாற்றுகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும்போதுதான் கசிவு தொடங்கும். உடம்பு குளிர்ந்ததும் வீட்டில் எல்லோரும் ஆறுதல் அடைவார்கள்.

கிளிநொச்சியைச் சேர்ந்த தம்பி ஒருவர், வெள்ளவத்தையில் ஓர் அறையில் இன்னும் இருவரோடு தங்கி வேலை செய்பவர், தனக்கு நடந்ததை எனக்குச் சொன்னார். நான்கு நாள் காய்ச்சல். ஊரிலிருந்து அம்மா சொன்னபடி நண்பர்கள் பப்பாசி இலை தேடி இடித்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் விடியக் காய்ச்சல் இல்லை. "விட்டிட்டுதம்மா" என்று தொலைபேசியில் சொன்னார். "நான் சொன்னன்தானே, பப்பாசி கேக்கும் எண்டு" என்றார் அம்மா. அன்று பின்னேரம் கையும் காலும் சில்லென்று போனது. வயிறு வலித்தது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே நினைவு வந்தது. அறை நண்பர்கள் 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் கொண்டுபோனதால் தப்பினார்.

பப்பாசி இலை அவருக்கு நஞ்சாகவில்லை. காய்ச்சல் விட்டதற்கு அதுதான் காரணம் என்று எல்லோரும் நம்பியதுதான் ஆபத்தானது. அந்த நம்பிக்கையால், மிகவும் கவனிக்க வேண்டிய அந்தப் பகல் முழுவதும் அவரை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் குடிக்கக் கொடுப்பது எப்படி?

காய்ச்சலின் முதல் நாட்களில், சத்தி இல்லாமல் குடிக்க முடிந்த வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2,500 மில்லிலீற்றர் திரவம் தேவை. உடல் நிறை 50 கிலோவுக்குக் குறைவென்றால் ஒரு கிலோவுக்கு 50 மில்லிலீற்றர் என்று கணக்குப் பாருங்கள். 40 கிலோ உள்ளவருக்கு 2,000 மில்லிலீற்றர். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, வைத்தியரிடம் கேளுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் அப்படியே. சிறுநீரக நோயாளருக்கு இளநீரில் உள்ள பொற்றாசியமே கேடாகலாம்.

வெறும் தண்ணீரை மட்டும் கொடுப்பது நல்லதல்ல. உப்பும் கொஞ்சம் இனிப்பும் உள்ளவை வேண்டும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, செவ்விளநீர், பொதியில் சொல்லப்பட்ட அளவு தண்ணீரில் கரைத்த ஜீவனி, தோடம்பழச் சாறு, உப்பும் சீனியும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர், மரக்கறி சூப் எல்லாம் நல்லவை. ஒரேயடியாகக் குடிக்க வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் கொடுங்கள்.

அளவு தெரியாமல் கொடுப்பதிலும் பயனில்லை. ஒரு லீற்றர்ப் போத்தல் ஒன்றை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாவிக்கும் கோப்பை எத்தனை மில்லிலீற்றர் கொள்ளும் என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். பிறகு கோப்பைகளை எண்ணி எழுதினால் போதும்.

கூடுதலாகக் குடித்தால் கூடுதல் நன்மை என்று நினைக்கவும் வேண்டாம். கசிவு தொடங்கிய பிறகு மிதமிஞ்சிய திரவம் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்து மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். கசிவு நேரத்தில் எவ்வளவு குடிப்பது என்பது வைத்தியசாலையில் தீர்மானிக்க வேண்டிய விடயம்.

குடிப்பதன் நிறமும் முக்கியம். பீற்றூட், மாதுளை, கோப்பி, சொக்லேற் போன்ற சிவப்பு, கபில நிறப் பானங்களைக் காய்ச்சல் நாட்களில் தவிருங்கள். அவை நஞ்சு என்பதால் அல்ல. நோயாளி சத்தி எடுத்தால் அது குடித்ததன் நிறமா, உள்ளே இரத்தம் கசிந்த நிறமா என்று வைத்தியரால் பிரித்தறிய முடியாமல் போகும்.

கைமருந்துகள் ஒவ்வொன்றாக

கொத்தமல்லித் தண்ணீர்: இளஞ்சூட்டில், ஐதாகக் காய்ச்சிக் கொடுத்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும். சாப்பிட மனமில்லாதவரும் குடிப்பார். குடித்த அளவைத் திரவக் கணக்கில் சேருங்கள். வைரசை அது ஒன்றும் செய்யாது. கறுக்கக் காய்ச்சினால் மேலே சொன்ன நிறப் பிரச்சினை வரும்.

பப்பாசி இலைச் சாறு: 2008இல் இலங்கைக் குடும்ப வைத்தியர் ஒருவரின் சிறிய அவதானிப்புக்கும், பின்னர் மலேசியாவிலும் இந்தியாவிலும் நடந்த ஆய்வுகளுக்கும் பிறகு இது பிரபலமானது. சிறுதட்டுகளின் எண்ணிக்கை சற்று விரைவாக ஏறுவதாக அவற்றில் சில காட்டின. ஆனால் திரவக் கசிவை நிறுத்துகிறது என்றோ, இறப்பைக் குறைக்கிறது என்றோ நிறுவப்படவில்லை. டெங்கு நோயாளர் பெரும்பாலானோருக்கு ஒரு கிழமை ஆகும்போது சிறுதட்டுகள் தாமாகவே ஏறும். ஆகவே எதைக் குடித்தவருக்கும் அதுதான் சுகமாக்கியது போலத் தெரியும். சாறு கடுங்கசப்பு. குடித்துச் சத்தி எடுத்தால், உள்ளே இருந்த திரவமும் வெளியே போகிறது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். யாராவது குடித்திருந்தால் ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நிலவேம்பு: சிங்களத்தில் "ஹீன் பின் கொஹொம்ப" என்று புறக்கோட்டை மருந்துச் சரக்குக் கடைகளில் கிடைக்கும். 2012இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரைக் குடிக்கும்படி அரசே ஊக்குவித்தது. அங்கிருந்து அந்தப் பழக்கம் எங்களுக்கும் வந்தது. சித்த மருத்துவத்தில் நிலவேம்புக் குடிநீர் என்பது ஒன்பது சரக்குகள் சேர்ந்தது, ஒரு கட்டு இலையை அவித்தது அல்ல. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் பதிவுபெற்ற சித்த வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

பொல்பலா: தமிழில் தேங்காய்ப்பூக்கீரை, சிறுபீளை என்போம். சிறுநீரைப் பெருக்குவதற்காகக் குடிப்பது. டெங்குவில் சிறுநீரின் அளவைப் பார்த்துத்தான் வைத்தியர் முடிவெடுக்கிறார். அந்த நேரத்தில் சிறுநீர் பெருக்கும் எதையும் கொடுத்தால் கணக்குக் குழம்பிவிடும்.

ஈஸ்வரமூலி: சிங்களத்தில் "சப்சந்த". பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் பழைய கைவைத்தியத்தில் இடம்பெற்றது. இந்தச் செடிக் குடும்பத்தில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகப் பழுதாக்கும். மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதைச் சேர்த்திருக்கிறது. சிறுநீரக நோய் ஏற்கெனவே பரவியுள்ள வவுனியா போன்ற இடங்களில் இதைத் தொடவே கூடாது. இலையும் வேரும் என்பதால் தீங்கில்லை என்ற எண்ணத்துக்கு இது ஒன்றே போதிய பதில்.

ஒருவர் குடித்துச் சுகமானார் என்ற கதை மருந்துக்குச் சான்று ஆகாது. 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணி ஒன்று கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் தொற்றுக் காலத்தில் வரிசையில் முண்டியடித்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே பகிரங்கமாக அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று உறுதியானது.

கொடுக்கவே கூடாதவை

காய்ச்சலுக்கும் உடம்பு உளைவுக்கும் பனடோல் மட்டும். வளர்ந்தவர் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இல்லை. உடல் நிறை குறைந்தவர்களுக்கு அளவையும் குறைக்க வேண்டும். பனடோல் போட்டும் காய்ச்சல் முழுதாக இறங்காமல் இருக்கலாம். அதற்காகக் கூட்டிப் போட்டால் ஈரல் பழுதாகும்.

அஸ்பிரின், புரூபன், டைக்ளோபினாக், மெபனமிக் அமிலம் போன்ற வலி மருந்துகள் டெங்குவில் இரத்தப்போக்கைக் கொண்டுவரும். குளிசையாகவும் வேண்டாம், பின்வழியாக வைக்கும் மருந்தாகவும் வேண்டாம். ஸ்டீரொயிட் குளிசையும் வேண்டாம். பாமசியில் "காய்ச்சலுக்கு ஏதாவது தாங்கோ" என்று கேட்டு வாங்கும் கலவைப் பொதியில் இவற்றில் ஒன்று இருக்கக்கூடும். பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் எங்கள் வாசகர்களில் பலருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உடம்பில் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள், கால் இழந்து பொய்க்கால் போட்டிருப்பவர்கள், பழைய காயத்தின் வலிக்காகத் தினமும் டைக்ளோபினாக் எடுப்பவர்கள் எங்களிடையே பலர். காய்ச்சல் தொடங்கிய அன்றே அதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். இதயத்துக்காக அஸ்பிரினோ குளோப்பிடோகிறெலோ எடுப்பவர்கள் தாமாக முடிவெடுக்காமல் அன்றே வைத்தியரைக் கேளுங்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுக் குழாய் வழியாகச் சிறுநீர் எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் என்றால் அது சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். மூன்று நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், முதல் நாளே காட்டுங்கள்.

எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த "மர்மக் காய்ச்சல்", எலிக்காய்ச்சல் என்று பிறகு உறுதியானது. வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியவர் அதை வைத்தியரிடம் சொன்னால்தான் சரியான மருந்து நேரத்துக்குக் கிடைக்கும்.

எப்போது புறப்பட வேண்டும்?

காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்குள், எப்.பி.சி என்று சொல்லும் முழுக் குருதிப் பரிசோதனை ஒன்று செய்ய வேண்டும். பிறகு வைத்தியர் சொல்லும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும். முதல் நாட்களில் என்.எஸ்.1 பரிசோதனையால் டெங்குவைக் கண்டறியலாம். ஆனால் அது இல்லை என்று காட்டினாலும் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. சிறுதட்டுகள் 100,000க்குக் கீழே இறங்கினால் வைத்தியசாலையில் இருந்தாக வேண்டும்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய் உள்ளவர்கள் அந்த எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. தனியாக வசிப்பவர்களையும், வைத்தியசாலைக்குத் தூரத்தில் வாகன வசதி இல்லாமல் இருப்பவர்களையும் முன்கூட்டியே அனுமதிக்கலாம் என்று தேசிய வழிகாட்டியே சொல்கிறது. கொட்டாஞ்சேனையில் லொட்ஜ் அறையில் தனியே இருக்கும் பிள்ளையும், முல்லைத்தீவில் உள்ளே தள்ளிய கிராமத்தில் பிள்ளைகளோடு தனித்திருக்கும் தாயும் இதில் அடங்குவார்கள். "நான் தனிய இருக்கிறன், பாக்க ஆளில்லை" என்று வைத்தியரிடம் சொல்லத் தயங்காதீர்கள். அதுவும் மருத்துவக் காரணம்தான்.

கீழே உள்ளவற்றில் ஒன்று கண்டாலும், எந்த நாளாக இருந்தாலும், இரவாக இருந்தாலும் உடனே போக வேண்டும்:

- காய்ச்சல் இறங்கியும் ஆள் முன்னரைவிடச் சோர்ந்து போவது
- குடிப்பது எதுவும் நில்லாமல் திரும்பத் திரும்பச் சத்தி
- கடும் வயிற்று வலி
- கையும் காலும் குளிர்ந்து வியர்ப்பது
- நித்திரை மயக்கம், அல்லது காரணமில்லாத எரிச்சல், அந்தரம்
- முரசு, மூக்கு, மலம், சத்தி எதிலாவது இரத்தம், காலம் தவறிய அல்லது அதிகமான மாதவிடாய்
- ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது

1990 சுவசெரிய அம்புலன்ஸ் நாடு முழுவதும் இலவசம். நுகேகொடைப் பக்கத்தில் உள்ளவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. தொற்றுநோய்களுக்கான தேசிய நிறுவகம் அங்கொடையில் இருக்கிறது.

மொழிப் பயத்தால் பிந்துபவர்களும் உண்டு. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, தமிழில் சேவை கேட்பது உங்கள் உரிமை. ஆனால் நடு இரவில் உரிமையைப் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சில சொற்களைத் தெரிந்து வைத்திருங்கள். "உண" காய்ச்சல். "வமனே" சத்தி. "லே" இரத்தம். "படே கெக்கும" வயிற்று வலி. "உண ஹெதிலா தவஸ் ஹதரய்" என்றால் காய்ச்சல் வந்து நாலு நாள். "முத்ரா யன்னே நே" என்றால் சிறுநீர் போகவில்லை. இவ்வளவும் சொன்னால், கேட்பவர் எழுந்து வருவார்.

நுளம்பை வீட்டிலேயே நிறுத்துவது

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, குறிப்பாக விடியலிலும் பொழுது சாய முன்னரும். இருட்டிய பிறகு சாம்பிராணியோடு வேப்பிலை, நொச்சிப் புகை போடும் எங்கள் வழக்கம் இந்த நுளம்புக்குப் பிந்திவிடுகிறது. பின்னேரம் நாலு மணிக்குப் போட்டால் ஓரளவு பயன் உண்டு. இழுப்பு நோயாளர் இருக்கும் வீட்டில் புகை வேண்டாம். பங்கிரி எண்ணெய் பூசினால் சிறிது நேரம் நுளம்பு அண்டாது, பிறகு திரும்பப் பூச வேண்டும். காய்ச்சல்காரரைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் வையுங்கள். அவரைக் கடித்த நுளம்புதான் வீட்டில் அடுத்தவருக்குக் கொண்டுபோகும். டெங்கு வைரசில் நான்கு வகை உண்டு. ஒரு தடவை வந்தவருக்கு வேறு வகை தொற்றினால் அது கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே "எனக்கு முந்தி வந்திட்டுது" என்பது பாதுகாப்பு அல்ல.

முட்டையிலிருந்து நுளம்பாகி வர ஒரு கிழமைக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆகவே கிழமைக்கு ஒரு தடவை, ஒரு மணித்தியாலம் ஒதுக்கி வீட்டைச் சுற்றிப் பார்த்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும். கொழும்பில் பாருங்கள்: கூரைப் பீலி, தொடர்மாடியின் மொட்டைமாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடித் தட்டு, பாவிக்காத மலசலகூடம், பக்கத்துக் கட்டட வேலைத்தளம். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் சுவரில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக விடுவது தண்டனைக்குரிய குற்றம். வேலைத்தளம் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம்.

ஊரில் பாருங்கள்: சீமெந்துத் தொட்டி, கைவிடப்பட்ட காணிகளின் கிணறு, சிரட்டை, ரயர், பனை வடலிகளுக்குள் வீசிய பிளாஸ்ரிக். உவர் நீரில் டெங்கு நுளம்பு வராது என்று முன்னர் நம்பினோம். யாழ்ப்பாணக் கரையோரத்தின் உவர்க் கிணறுகளிலும் அது பெருகுவதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். கிணற்றுக்கு வலை போடலாம், கப்பி மீன் விடலாம். ஆள் திரும்பாத வீடுகளின் கிணறுகளை அயலவர்கள் சேர்ந்துதான் பார்க்க வேண்டும்.

சுவரில் ஒட்ட ஒரு தாள்

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் தொடங்கினால் ஒரு தாளில் ஐந்து நிரல் போடுங்கள்: திகதியும் நேரமும், காய்ச்சலின் அளவு, குடித்தது எத்தனை மில்லிலீற்றர், சிறுநீர் போன நேரம், கொடுத்த மருந்து. கைமருந்து கொடுத்திருந்தால் அதையும் கடைசி நிரலில் எழுதுங்கள். மேலே காய்ச்சல் தொடங்கிய நாளைப் பெரிதாகக் குறியுங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாட்களுக்கு எழுதுவதை நிறுத்த வேண்டாம். வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால், இலக்கங்களில் எழுதிய அந்தத் தாளை எந்த மொழி பேசும் வைத்தியரும் வாசிப்பார். ஊரில் இருக்கும் அம்மா தொலைபேசியில் பப்பாசி இலை பற்றிக் கேட்டால், இன்று எத்தனையாவது நாள், எவ்வளவு குடித்தாய், கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்ற மூன்றையும் கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.